முறிந்த எலும்பு கூடுவதை உயிருள்ள உடலில் நேரடியாகப் பார்க்க முடியுமா? பார்த்து என்ன பயன்?

பார்க்கலாம். மீனில் நானே பார்த்திருக்கிறேன். மனிதரில் இன்னும் அரைகுறைதான்.

முதலில் வீட்டுக் கதை. அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். மாவுக்கட்டு போட்டு இரண்டு வாரம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் முறிவுக்கோடு முன்பைவிடப் பளிச்சென்று தெரிந்தது. "கூடவே இல்லையேடா, பேசாமல் புத்தூர் கட்டுக்கே போயிருக்கலாம்" என்று ஒரே புலம்பல். டாக்டர் அலட்டிக்கொள்ளவே இல்லை. முறிந்த ஓரங்களில் செத்துப்போன எலும்பை முதலில் அரித்து அப்புறப்படுத்தும் செல்கள் வரும். அதனால் ஆரம்பத்தில் கோடு அகலமாகத் தெரிவதுண்டு. அதன் மேல் நாரும் குருத்தெலும்புமாக ஒரு மெத்தென்ற பாலம் விழும். அதில் கால்சியம் ஏறும்வரை எக்ஸ்ரே கண்ணுக்கு அங்கே ஒன்றுமே இல்லை. வேலை மும்முரமாக நடக்கும் நாட்களில்தான் படம் வெறுமையாக இருக்கிறது.

இந்த இடைவெளியைத்தான் உயிருள்ள மீனில் பார்க்க முடிகிறது. வரிக்குதிரை மீன் வளர்க்கும் ஓர் ஆய்வகத்தில் இரண்டு வருடம் உதவியாளராக இருந்தேன். மீனை மயக்க மருந்து கலந்த தண்ணீரில் விடுவோம். செவுள் அசைவு மெதுவானதும் ஈரத் தட்டில் பக்கவாட்டில் கிடத்தி, வால்துடுப்பின் ஒரே ஒரு எலும்புக் கதிரை முறித்துவிட்டுத் தொட்டியில் திரும்ப விடுவோம். துடுப்பு கண்ணாடித்தாள் போல மெல்லியது, எதையும் அறுக்க வேண்டாம். எலும்பு கட்டும் செல்கள் பச்சையாக ஒளிரும்படி மரபணு மாற்றிய மீன்கள் அவை. கால்சியம் படிந்த இடம் அலிசரின் சாயத்தால் சிவக்கும். அதே மீனை அடுத்தடுத்த நாட்களில் மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தால், பச்சை முறிவை நோக்கி நகர்ந்து வந்து குவிகிறது. சிவப்பு அதற்குப் பல நாள் பின்னால்தான் வருகிறது. அம்மாவின் எக்ஸ்ரேயில் காணாமல் போனது அந்தப் பச்சை.

அலிசரினுக்கு ஒரு பழைய கதை உண்டு. 1736இல் லண்டன் அறுவை மருத்துவர் ஜான் பெல்சியர், துணி அச்சடிக்கும் ஒருவர் வீட்டு விருந்தில் பன்றிக்கறி எலும்பு சிவந்திருப்பதைக் கண்டார். மஞ்சிட்டி இனத்துச் செடி ஒன்றின் வேர்ச்சாயத்தில் ஊறிய தவிட்டை அந்தப் பன்றிகள் தின்றிருந்தன. நம் சோழமண்டலக் கரையில் துணிக்குச் சிவப்பேற்றிய சாயவேரிலும் இருப்பது இதே அலிசரின்தான். கிட்டத்தட்ட முந்நூறு வருடமாகியும் ஆய்வகத்தை விட்டுப் போகவில்லை!

சரி, செல்கள் நகர்வதைப் பார்த்து என்ன தெரிந்தது? ஜப்பானிய ஆய்வாளர் மசாரு இஷியின் குழு, உயிருள்ள எலியின் மண்டையோட்டுக்குள் வெட்டாமலே உள்ளாழம் வரை காட்டும் இரண்டு ஃபோட்டான் மைக்ராஸ்கோப்பால் பார்த்து, எலும்பை அரிக்கும் செல்களின் முன்னோடிகள் ரத்தத்துக்கும் எலும்புக்கும் இடையே போய்வருவதை 2009இல் காட்டியது. 2021இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தினர், மீன் செதில் மறுபடி முளைக்கும்போது எலும்புச் செல்களின் ஊடே ஒரு சமிக்ஞை, குளத்தில் கல்லெறிந்தது போல, வளையம் வளையமாகப் பரவுவதைப் படம்பிடித்தார்கள். வெட்டி எடுத்துச் சாயமேற்றிய துண்டில் இந்த அலை தெரியாது. அது ஒரு நொடியின் போட்டோ, அவ்வளவுதான்.

இதையெல்லாம் விட என்னை உலுக்கியது எஃப்ஓபி என்ற அரிய நோய். தசையும் தசைநாரும் எலும்பாக மாறிக்கொண்டே போகும். ஏசிவிஆர்1 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறுவதுதான் காரணம் என்று 2006இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தார்கள். இந்த நோய் கண்டு, 1973இல் தன் நாற்பதாவது பிறந்தநாளுக்கு முன்பே இறந்த ஹாரி ஈஸ்ட்லாக்கின் எலும்புக்கூடு பிலடெல்ஃபியாவின் மியூட்டர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. கம்பி போட்டுக் கட்டாமலே பெரும்பாலும் தானாக ஒட்டி நிற்கும் எலும்புக்கூடு.

இந்த நோயில் வெட்டிப் பார்க்கவே கூடாது. சதை எடுத்துச் சோதித்தாலோ தசையில் ஊசி போட்டாலோ அந்த இடமே எலும்பாகலாம். அதனால் கத்தி படாமல் பார்ப்பது இங்கே கட்டாயம். கதிரியக்க ஃப்ளூரைடை ஏற்றிப் பெட் ஸ்கேன் எடுத்தால், இப்போது எங்கே புது எலும்பு படிகிறது என்பது ஒளிரும். ஆனால் அதுவும் கதிர்வீச்சு; குழந்தைக்கு வாராவாரம் எடுக்க முடியாது. அது காட்டுவதும் கால்சியம் ஏறத் தொடங்கிய பிறகுதான், செல்கள் வந்து குவியும் கட்டத்தை அல்ல.

இன்னொரு சிக்கல். இந்த வேண்டாத எலும்பு கோளாறான எலும்பே அல்ல. குருத்தெலும்பு வழியாக, முறிவு கூடும் அதே பாதையில் உருவாகி, உள்ளே மஜ்ஜை வரை இருக்கும் நல்ல எலும்பு, இடம்தான் தப்பு. 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பாலோவரோட்டீன் என்ற மருந்து அதன் வளர்ச்சியைக் குறைக்கிறது, ஆனால் குழந்தைகளில் எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தட்டைச் சீக்கிரமே மூடிவிடும் அபாயமும் அதற்கு உண்டு. அதனால் பெண் குழந்தைகளுக்கு 8 வயது, ஆண் குழந்தைகளுக்கு 10 வயதுக்குப் பிறகுதான் தருகிறார்கள். முறிவைக் கூட்டும் எலும்பும் இந்த வேண்டாத எலும்பும் எந்த இடத்தில் வழி பிரிகின்றன என்று கண்டுபிடித்தால் ஒன்றை மட்டும் நிறுத்தலாம். எலியையும் மீனையும் மயக்கிப் படுக்கவைத்து மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பது அதற்காகத்தான்.