எல்லா ரிப்போர்ட்டும் நார்மல், பயம் மட்டும் போகவில்லை

மதுரைப் பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் நோய் பயம் பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு மனநல மருத்துவராக என் பதில்கள் இவை. நெஞ்சைப் பற்றித்தான் அதிகம் கேட்டிருக்கிறீர்கள், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பொறியியல் மூன்றாம் ஆண்டு, திருப்பரங்குன்றம்: டாக்டர், ராத்திரி படுத்தாலே நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. கை மரத்துப்போகிறது, உதட்டைச் சுற்றிக் குறுகுறுக்கிறது. ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் எல்லாம் நார்மல். ‘கேஸ்தான் தம்பி’ என்கிறார்கள். ஜிம்மில் விழுந்து இறந்தவரின் வீடியோவைப் பார்த்ததிலிருந்து தூக்கமே இல்லை. டெஸ்ட்டில் ஏதாவது விட்டுப்போயிருக்குமோ?

உதட்டைச் சுற்றிக் குறுகுறுப்பு என்று எழுதினீர்களே தம்பி, பாதி விடை அதிலேயே இருக்கிறது. பயந்தால் மூச்சு வேகமாகும். வேகமாக மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும். அது குறைந்தால் விரல் நுனியும் உதடும் குறுகுறுக்கும், தலை கிறுகிறுக்கும், நெஞ்சு இறுகும். ‘ஐயோ, வந்துவிட்டது’ என்று இன்னும் பயப்படுவீர்கள், மூச்சு இன்னும் வேகமாகும். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் இது உச்சத்துக்குப் போய்த் தானாகவே இறங்கிவிடும். படுத்தால் மட்டும் ஏன் என்றால், பகலில் வகுப்பு, பஸ், அரட்டை என்று கவனம் சிதறிக் கிடக்கிறது. ராத்திரி காதைத் தலையணையில் வைத்ததும் துடிப்பு கேட்கிறது, கேட்க வேறு எதுவும் இல்லை.

‘கேஸ்’ என்று சொல்லி அனுப்பிவிடுவது எனக்கு உடன்பாடில்லாத பழக்கம். உங்கள் படபடப்பு நிஜம். அதற்கான காரணத்தைத்தான் இதயத்தில் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.

விட்டுப்போயிருக்குமோ என்ற கேள்விக்கு வருவோம். உங்கள் வயதில் இந்த மூன்றும் சரியாக இருந்தால் ஆபத்துக்கான வாய்ப்பு மிகவும் குறைவு. நீங்கள் கேட்பது பூஜ்யம். அதை எந்த மெஷினும் எழுதித் தராது. அதனால் ஒவ்வொரு ஈசிஜியும் இரண்டு நாள் நிம்மதி தந்துவிட்டு அடுத்த ஈசிஜிக்கு உங்களை அனுப்பி வைக்கிறது. கொசுக்கடியைச் சொறிகிற கதைதான்.

இப்படிச் செய்து பாருங்கள். நாளைக்கு எத்தனை தடவை மணிக்கட்டில் நாடி பார்க்கிறீர்கள் என்று மொபைலில் கோடு போட்டு வையுங்கள். மறுநாளிலிருந்து, பார்க்கத் தோன்றும்போதெல்லாம் 15 நிமிடம் தள்ளிப்போடுங்கள். பார்க்கவே கூடாது என்று சபதம் எடுக்க வேண்டாம், தள்ளிப்போட்டால் போதும். பத்துப் பதினைந்து நாளில் அரை மணி நேரமாக்குங்கள். ஸ்மார்ட் வாட்ச் இருந்தால் பெட்டிக்குள் போய்விட வேண்டும். முதல் வாரம் பயம் கூடும். அதைப் பார்த்துத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். படுத்தால் மட்டும் வலிக்கிறதா, திருப்பரங்குன்றம் மலை ஏறினால் வலிக்கிறதா? ஓடும்போது, ஏறும்போது வலி வந்தாலோ மயங்கி விழுந்தாலோ, வீட்டில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருந்தாலோ இதய மருத்துவரிடம் மறுபடி போகத்தான் வேண்டும்.

பி.காம்., தல்லாகுளம்: தாடைக்குக் கீழே பட்டாணி அளவில் கட்டி. தினமும் தொட்டுப் பார்க்கிறேன், இப்போது வலிக்கிறது. கேன்சரா மேடம்?

தினமும் அமுக்கினால் வலிக்காமல் என்ன செய்யும்? பல் வலி, தொண்டைப் புண், முகப்பரு எது வந்தாலும் கழுத்து நெறி வீங்கும், வந்த நோய் போன பிறகும் சின்னதாகத் தங்கியிருக்கும். மெலிந்த பெண்களுக்குக் கைக்கு நன்றாகவே தட்டுப்படும். இரண்டு சென்டிமீட்டருக்கு மேல், கல் மாதிரி கெட்டியாக, அசையாமல் இருந்தால், அல்லது காரை எலும்புக்கு மேலே வந்தால், அல்லது வாரக்கணக்கில் வளர்ந்துகொண்டே போனால் காட்டுங்கள். சாயங்காலக் காய்ச்சல், உடை நனைகிற இரவு வியர்வை, எடைக் குறைவு சேர்ந்தால் தாமதிக்க வேண்டாம். நம் ஊரில் அப்போது முதலில் பார்ப்பது காசநோய். அதற்கு அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம், குணமும் ஆகும். இவை எதுவும் இல்லாவிட்டால் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள்.

முதுகலை, நாகமலை புதுக்கோட்டை: தள்ளுபடியில் ஹெல்த் செக்கப் பேக்கேஜ் எடுத்தேன். மூன்று எண்கள் சிவப்பில் வந்திருக்கின்றன!

பேக்கேஜில் சிவப்பு வராமல் இருந்தால்தான் அதிசயம். ‘நார்மல்’ எல்லை என்பது பெரும்பாலும், ஆரோக்கியமானவர்களில் நூற்றுக்கு 95 பேர் அடங்குகிற மாதிரி வகுத்த கோடு. மீதி ஐந்து பேரும் ஆரோக்கியமானவர்கள்தான். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனைகள் செய்தால், நோயே இல்லாத ஆளுக்கும் ஒன்றாவது கோட்டைத் தாண்ட 60 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு உண்டு. ஒரு பொது மருத்துவரிடம் காட்டுங்கள், கூகுளிடம் காட்டாதீர்கள். தொந்தரவு எதுவும் இல்லாத 22 வயதில் இந்தப் பேக்கேஜ் எதற்கு என்று கேட்டால் லேப் காரர்கள் என்மேல் வருத்தப்படுவார்கள்.

எம்.பி.பி.எஸ்., மதுரை: நியூரோ வார்டில் ஏஎல்எஸ் (தசைகள் படிப்படியாகப் பலமிழக்கும் நரம்பு நோய்) நோயாளியைப் பார்த்த நாளிலிருந்து என் கண் இமை துடிக்கிறது.

மருத்துவ மாணவர்களுக்குப் புத்தகத்தின் ஒவ்வொரு பாடமும் ஒரு ரவுண்டு வந்துவிட்டுப் போகும். பரீட்சை, தூக்கமின்மை, வேளைக்கு நாலு டீ, இவைதான் இமைத் துடிப்புக்கு வழக்கமான காரணங்கள். கை கால் பலம் குறையாமல் இமை மட்டும் துடிப்பதை ஏஎல்எஸ் என்று நீங்களே வைவாவில் சொன்னால் உட்கார வைத்துவிடுவார்கள். இதே துடிப்பை உங்கள் பாட்டியிடம் சொல்லிப் பாருங்கள். வலது கண்ணா, இடது கண்ணா என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

விடுதி மாணவர், பெயர் வேண்டாம்: எட்டு மாதம் முன்பு கேண்டீன் நாய் பிறாண்டியது. ஊசி முழுவதும் போட்டேன். இன்றும் தண்ணீர் குடிக்கும்போது தொண்டை அடைக்கிறதா என்று பார்க்கிறேன். அந்த நாய் இப்போதும் கேண்டீன் வாசலில்தான் படுத்திருக்கிறது.

உங்கள் கடைசி வரியே பதில். ரேபிஸ் கிருமியைப் பரப்பும் நிலையில் இருந்த நாய் பத்து நாளைத் தாண்டாது. இது எட்டு மாதமாகப் பரோட்டா தின்றுகொண்டிருக்கிறது. அதோடு நீங்கள் ஊசியும் போட்டாயிற்று. தண்ணீரை ‘டெஸ்ட்’ பண்ணாமல் தாகத்துக்குக் குடியுங்கள். மற்றவர்களுக்கு: நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ ‘இது வெறும் பயம்தான்’ என்று சும்மா இருந்துவிடாதீர்கள். 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அன்றே ஊசிக்குப் போக வேண்டும். அரசு மருத்துவமனையில் இலவசம். இந்த ஒரு விஷயத்தில் பயப்படுகிறவன்தான் புத்திசாலி.

பெயர் வேண்டாம்: தூக்கத்தில் விந்து வெளியேறுகிறது. உடம்பு இளைக்கிறது, மறதி வருகிறது. பஸ் ஸ்டாண்ட் சுவரில் பார்த்த வைத்தியர் ஆயிரக்கணக்கில் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். அது இயல்பானது, உடம்பில் எதுவும் குறையாது. இந்தப் பயம் நம் நாட்டில் அவ்வளவு பரவலானது. இந்திய மனநல மருத்துவர் விக் 1960-லேயே இதற்கு ‘தாத் சிண்ட்ரோம்’ என்று பெயர் வைத்தார். இளைப்பும் மறதியும் கவலையால் வருகிறவை.

ஒரு தாய், மேலூர்: மகன் தினமும் ராத்திரி போன் போட்டு ‘எனக்கு ஒண்ணும் ஆகாதுல்லம்மா’ என்று கேட்கிறான். ‘ஆகாதுய்யா’ என்கிறேன். வைத்த அரை மணி நேரத்தில் திரும்பக் கூப்பிடுகிறான்.

நீங்கள் சொல்கிற அந்த ‘ஆகாதுய்யா’வும் அவனுக்கு ஒரு ஈசிஜி மாதிரிதான் அம்மா. ஒருமுறை சொல்லுங்கள். இரண்டாம் முறை கேட்டால், ‘நேத்தும் இதேதான கேட்ட, டாக்டர் என்ன சொன்னாரு?’ என்று கேட்டுவிட்டு, சாப்பிட்டானா, யாரோடு சாப்பிட்டான் என்று பேச்சை மாற்றுங்கள். இதை அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அம்மாவுக்குக் கோபம் என்று நினைப்பான். பாண்டி கோயிலில் கயிறு கட்டியதாக எழுதியிருந்தீர்கள். தாராளமாக இருக்கட்டும்.

பி.எஸ்சி., திருமங்கலம்: இதற்கு மாத்திரை போட்டால் பழக்கமாகிவிடுமா? வீட்டுக்குத் தெரியாமல் பார்க்க முடியுமா?

பயம் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, படிப்பையும் தூக்கத்தையும் கெடுத்தால் அதற்கு நோய்க் கவலைக் கோளாறு என்று பெயர். அதுவரை காத்திருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. முதல் சிகிச்சை, மேலே சொன்ன மாதிரி சோதிப்பதைக் குறைக்கப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைப் பயிற்சி. தேவைப்பட்டால் கவலையைக் குறைக்கும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரை. அது வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், அடிமையாக்காது, ஆனால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. பழக்கமாகிற ஆபத்து உள்ளது, போட்டதும் பதற்றத்தை அடக்கும் அல்பிரசோலம் வகை. நண்பனிடம் ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்வதை மட்டும் செய்யாதீர்கள்.

18 வயது முடிந்திருந்தால் நீங்களே வரலாம். உங்கள் சிகிச்சை ரகசியமாக இருக்க 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் உரிமை தருகிறது. நேரில் வரத் தயக்கம் என்றால் 14416, அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ். எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. நேரில் என்றால் மதுரை கோரிப்பாளையத்தில் இறங்கிப் பெரியாஸ்பத்திரிக்கு (அரசு ராஜாஜி மருத்துவமனை) காலையிலேயே போய்விடுங்கள். ஓ.பி. சீட்டு வாங்கும்போது ‘மனநலப் பிரிவு’ என்று சொன்னால் போதும், காரணம் கேட்க மாட்டார்கள்.