கையெழுத்து கணவருடையது, உடம்பு என்னுடையது

கேள்வி: எனக்கு வயது 47. இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிந்துவிடும். 2 வருடம் 9 மாதத்துக்கு முன்பு ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டினேன். "சின்ன ஆபரேஷன், மறுநாளே வீட்டுக்குப் போகலாம்" என்றார்கள். உள்ளே செயற்கை வலை (மெஷ்) வைப்பார்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஆங்கிலப் படிவத்தில் கணவரிடம் மட்டும் கையெழுத்து வாங்கினார்கள். அதன்பின் வலி, ஓயாத வெள்ளைப்படுதல். அங்கேயே நாலைந்து தடவை போனேன்; மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். 4 மாதத்துக்கு முன்பு வேறொரு மருத்துவர், வலை பிறப்புறுப்புச் சுவரை அரித்து வெளியே வந்திருக்கிறது என்றார். பழைய மருத்துவமனையிலோ, "கையெழுத்து இருக்கிறது, 2 வருடமும் முடிந்துவிட்டது" என்கிறார்கள். வழக்குப் போடலாமா?
— வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: போடலாம், சகோதரி. ஆனால் அதற்கு முன் இந்த வாரமே ஒரு வேலை இருக்கிறது. உங்கள் கேஸ் ஷீட் நகலைக் கேட்டு, போய்ச் சேர்ந்ததற்கான சான்றுடன் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். அதே விதிகள் உள்நோயாளி ஆவணங்களை 3 ஆண்டுகள் பாதுகாக்கத்தான் சொல்கின்றன. உங்களுக்கு மிச்சம் 3 மாதம். வலையின் தயாரிப்பு நிறுவனமும் லாட் எண்ணும் (தயாரிப்புத் தொகுதி எண்) உள்ள ஸ்டிக்கரை வழக்கமாக அந்தக் கேஸ் ஷீட்டில்தான் ஒட்டியிருப்பார்கள்.

கையெழுத்து விஷயத்துக்கு வருவோம். சமீரா கோலி வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உங்களுக்கு அப்படியே பொருந்தும். மயக்கத்தில் இருந்த பெண்ணின் தாயிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையை அகற்றினார்கள். சுயநினைவு திரும்பியதும் அவரே முடிவு சொல்லக்கூடியவர். உயிருக்கு ஆபத்தான அவசரமும் இல்லை. எனவே தாயின் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். நீங்கள் மயக்கத்தில்கூட இல்லை! சிறுநீர்க் கசிவு அவசர நோயும் அல்ல. சிகிச்சையின் தன்மை, முக்கிய ஆபத்துகள், மாற்று வழிகள் எல்லாவற்றையும் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும் என்பதும் அதே தீர்ப்புதான். இடுப்புத்தளத் தசைப் பயிற்சி, உங்கள் உடலின் திசுவையே எடுத்துச் செய்யும் ஸ்லிங் (சிறுநீர்க்குழாயைத் தாங்கும் பட்டை) என்று மாற்று வழிகள் உண்டு. எங்கோ எப்போதோ நடக்கக்கூடிய ஆபத்தையெல்லாம் சொல்லத் தேவையில்லை என்றும் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். வலை அரிப்பது மருத்துவ உலகம் நன்கறிந்த பின்விளைவு என்பது நம் பதில்.

ஒரு எச்சரிக்கை. "தடை செய்த வலையை வைத்துவிட்டார்கள்" என்று மனுவில் எழுதிவிடாதீர்கள். 2019இல் அமெரிக்கா விற்பனையை நிறுத்தியது உறுப்பு இறக்கத்துக்கு (கருப்பை, சிறுநீர்ப்பை போன்றவை கீழிறங்குவது) பிறப்புறுப்பு வழியாக வைக்கும் வலையை. கசிவுக்கு வைக்கும் வலை ஸ்லிங்கை அல்ல. வலை அரித்தது என்பதாலேயே அலட்சியம் ஆகிவிடாது. சொல்லாமல் வைத்தார்கள், திரும்பத் திரும்பப் போன பிறகும் சரியாகப் பார்க்கவில்லை: உங்கள் வழக்கு இதுதான்.

நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடக் காலக்கெடு 2 ஆண்டுகள் என்பது உண்மை. மறைந்திருக்கும் பாதிப்பானால், அது தெரியவந்த நாளிலிருந்து கணக்கிடலாம் என்று 2010இல் ஸ்ரீகண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் வயிற்றுக்குள் துணியை விட்டுத் தைத்த அந்த வழக்கிலேயே அந்தப் பெண் தோற்றார். செவிலியராக இருந்தும் 9 ஆண்டுகள் வலியைப் பொறுத்துக்கொண்டு, அறுவை செய்தவரிடம் போகாமல் இருந்தார் என்பது அவருக்கு எதிராகப் போயிற்று. நீங்கள் போயிருக்கிறீர்கள். அந்த ஓ.பி. சீட்டு, மருந்துக்கடை பில் ஒவ்வொன்றும் தங்கம். இருந்தாலும் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் சேர்த்தே போடுங்கள்.

நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனு செய்யலாம். மருத்துவமனைக்குக் கட்டியது 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. விசாரணை பெரும்பாலும் பிரமாணப் பத்திரத்திலும் ஆவணங்களிலுமே நடப்பதால், கூண்டில் ஏறி எல்லார் முன்னும் இதைச் சொல்ல வேண்டியிருக்குமோ என்ற பயம் வேண்டாம். போலீஸ் புகாரைத் தவிருங்கள். குற்ற வழக்குக்கு மிகக் கடுமையான அலட்சியத்தைக் காட்ட வேண்டும்.

வலையை எடுக்க மறு அறுவை செய்வதானால் வழக்குக்காகக் காத்திருக்காதீர்கள். வெட்டி எடுத்த துண்டைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பி, படம் எடுத்துக் கோப்பில் சேர்க்கும்படி மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். அந்த முறை படிவத்தைத் தமிழில் கேட்டு, படித்து, நீங்களே கையெழுத்திடுங்கள்.