நீர் எடுக்க கேஷுவாலிட்டி டாக்டர் வரலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. ஈரல் சுருங்கி, வயிற்றில் நீர் கோத்து, மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை வார்டில் சேர்த்திருந்தோம். மூச்சுவிடவே சிரமப்பட்டார். ஈரல் டாக்டர் மறுநாள்தான் வருவார் என்று, கீழே கேஷுவாலிட்டியில் இருந்த டாக்டரை வரவழைத்தார்கள். அவர் தியேட்டருக்குக்கூடக் கொண்டுபோகாமல் கட்டிலிலேயே 6 லிட்டர் எடுத்துவிட்டார். குத்திய இடம் இரண்டு நாள் கசிந்தது. இது சரிதானா? அடுத்த வாரம் மறுபடி எடுக்க வேண்டுமாம். யாரிடம் எடுப்பது?
- ஒரு வாசகி, உசிலம்பட்டி

பதில்: கேஷுவாலிட்டி டாக்டர் எடுத்ததில் தப்பில்லை. வயிற்று நீர் எடுப்பதற்குத் தியேட்டரே தேவையில்லை. பெரியாஸ்பத்திரியிலும் வார்டு கட்டிலில்தான் எடுப்பார்கள். அவசர மருத்துவம் நம் நாட்டில் 2009 முதல் தனி மேற்படிப்புத் துறை. அதைப் படித்தவர்களுக்கு வயிற்று நீர், நெஞ்சு நீர் எடுப்பதும், கழுத்து ரத்தக்குழாயில் லைன் போடுவதும் பழகிய வேலை. ராத்திரி இரண்டு மணிக்கும் கையில் ஸ்கேன் கருவியோடு ஆள் இருக்கும் இடம் அதுதான். ஆனால் கேஷுவாலிட்டியில் டியூட்டி பார்க்கும் எல்லோரும் அதைப் படித்தவர்கள் அல்ல. “ஸ்கேன் வைத்துத்தானே சார் எடுப்பீர்கள்? இதற்கு முன் நிறைய செய்திருக்கிறீர்களா?” என்று கேளுங்கள். கோபித்துக்கொள்ள அதில் ஒன்றுமில்லை.

மறுநாள் வரை காத்திருக்காததும் நல்லதே. கோத்த நீரில் கிருமி சேர்ந்திருந்தால் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. நீரைச் சோதனைக்கு அனுப்பி, ஒரு கன மில்லிமீட்டரில் நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுக்கள் 250-க்கு மேல் இருந்தால் உடனே ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும். அந்த ரிப்போர்ட் வந்ததா, எண் என்ன என்று முதலில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்த முறை கவனிக்க வேண்டியவை. சிறுநீர் கழித்துவிட்டுப் படுக்க வேண்டும். நிரம்பிய பை ஊசிக்கு எதிரே வந்து நிற்கும். பெரும்பாலும் இடது அடிவயிற்றில், இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து சுமார் 3 செ.மீ. மேலே, 3 செ.மீ. உள்ளே குத்துவார்கள். அங்கே வயிற்றுச் சுவர் மெல்லிசு, நீரும் ஆழம். நடுவிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு ரத்தக்குழாய் மேலும் கீழுமாக ஓடுகிறது. ஸ்கேன் பார்த்துக் குத்தச் சொல்வது அதைத் தொடாமலிருக்கவும்தான். ஸ்கேன் அறையில் பேனாவால் குறி போட்டு, ஆளை வார்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்து குத்துவது பழைய வழக்கம். புரண்டு படுத்தாலே நீரும் குடலும் இடம் மாறிவிடும். பிறகு அந்தக் குறிக்கு மதிப்பில்லை. குத்தும் நிலையில் படுக்க வைத்தே பார்க்க வேண்டும்.

ரத்தம் உறையும் சோதனையின் எண் ஈரல் நோயாளிக்குப் பெரும்பாலும் சரியாக இருக்காது. அந்த எண்ணை மட்டும் பார்த்து, ரத்தம் உறைய உதவும் பிளாஸ்மா ஏற்றும் வரை தள்ளிப்போட வேண்டியதில்லை.

கசிவுக்கு வருவோம். ஊசியை நேராக இறக்கினால் தோலிலும் உள்ளேயும் ஓட்டை ஒரே கோட்டில் விழும். உள்ளே மிச்ச நீரின் அழுத்தம் வேறு, கசியத்தான் செய்யும். தோலை இரண்டு செ.மீ. கீழே இழுத்துப் பிடித்துக் குத்தினால், விட்டதும் இரண்டு ஓட்டையும் விலகிக்கொள்ளும். எடுத்தபின் குத்திய பக்கம் மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் ஒரு தையல் போதும். பஞ்சை மாற்றி மாற்றி ஒட்டிக்கொண்டு வீட்டிலேயே இருப்பதுதான் தப்பு. நீர் வெளியே வரும் வழியில் கிருமி உள்ளே போகும்.

கசிவைவிட எங்களுக்குப் பெரிதாகப் படுவது, ரத்தக்குழாய்க்குள் நீரைத் தக்கவைக்கும் புரதமான ஆல்புமின். 5 லிட்டருக்கு மேல் எடுத்தால், எடுத்த ஒவ்வொரு லிட்டருக்கும் 6 முதல் 8 கிராம் ஏற்ற வேண்டும். உங்கள் அப்பாவின் 6 லிட்டருக்கு 36 முதல் 48 கிராம். 20 சதவீத ஆல்புமின் 100 மி.லி. பாட்டிலில் 20 கிராம் இருக்கும். ஆக இரண்டு, இரண்டரை பாட்டில். விலையைப் பார்த்து விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ரத்த ஓட்டம் குறைந்து, சில நாள் கழித்து, சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் கிரியேட்டினின் அளவு ஏறும், சிறுநீர் குறையும். போன தடவை ஏற்றினார்களா என்று கேஸ் ஷீட்டைப் பாருங்கள். நகல் கேட்டு எழுதிக் கொடுத்தால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002-ம் ஆண்டு ஒழுங்குமுறை விதி.

கேஷுவாலிட்டி டாக்டரை வரவழைப்பதில் நிஜமான சிக்கல், அவர் எடுத்துவிட்டுக் கீழே போனபிறகுதான். ராத்திரி பிரஷர் இறங்கினால் யார் பார்ப்பது? எத்தனை லிட்டர், எந்தப் பக்கம், எத்தனை மணி என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். வார்டு டியூட்டி டாக்டரிடம் வாயாலும் சொல்லியிருக்க வேண்டும். பாதியில் கப்பலூர் பக்கத்திலிருந்து விபத்துக் கேஸ் வந்தால் கீழே வேறு டாக்டர் இருக்கிறாரா என்பதும் முக்கியம். இல்லையென்றால், மூச்சுத்திணறலோ காய்ச்சலோ இல்லாத நாளில், ஈரல் டாக்டர் வரும் பகல் நேரத்துக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

நீர் வடிய வயிற்றில் போடும் டியூபை ராத்திரி முழுக்க விட்டுவைக்க விடாதீர்கள். 6 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். வீட்டுக்கு வந்தபின் காய்ச்சல், வயிற்று வலி, பேச்சில் தடுமாற்றம், பகலிலும் ஓயாத தூக்கம், இதில் எது வந்தாலும் அடுத்த வாரத் தேதிக்காகக் காத்திருக்காமல் நேராகக் கேஷுவாலிட்டிக்கே போங்கள்.