பியர் கிட்டில் ஈஸ்ட்டும் ஹாப்ஸும் மாற்றினால் சுவை கூடுமா?

கூடும். ஆனால் முதலில் சூட்டைக் குறையுங்கள், அடுத்து ஈஸ்ட்டை மாற்றுங்கள். ஹாப்ஸை, அதாவது பியருக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூவை, கொஞ்சம் பொறுத்து.

மெல்போர்னில் கிட் (வீட்டிலேயே பியர் போட டப்பாவில் வரும் மால்ட் என்கிற முளைகட்டிய பார்லிப் பாகும் ஈஸ்ட்டும்) வாங்கி இரண்டு தடவை போட்டும் புளித்த ஆப்பிள் ஜூஸ் மாதிரி வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஷேரிங் வீட்டில், சமையலறை மூலையில், நொதிக்க வைக்கும் ட்ரம்மை வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 2014 முதல் நாலு வருஷம் நானும் அதே ஊரில், டாண்டினாங்கில், அப்படித்தான் வைத்திருந்தேன்.

குடியை வளர்க்கிறான் என்று யாரும் கிளம்ப வேண்டாம். தமிழ்நாட்டில் வீட்டில் பியர் போடுவது 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். ஊருக்குத் திரும்பிய பிறகு நான் தொடவில்லை. ஆஸ்திரேலியாவில் சொந்த உபயோகத்துக்குப் போடலாம், அங்கே போட்டேன்.

முதல் தடவை 1.7 கிலோ டப்பா, ஒரு கிலோ வெள்ளைச் சர்க்கரை, 23 லிட்டர் வரும்வரை தண்ணீர், டப்பா மூடிக்கடியில் இருந்த சின்ன ஈஸ்ட் பொட்டலம். ஜனவரி மாசம், அந்த ஊர்க் கோடை. ட்ரம்மில் ஒட்டியிருந்த வெப்பமானி ஸ்டிக்கர் 30 டிகிரி காட்டியது. மூன்றாம் நாள் மூடியைத் திறந்தால் நெயில் பாலிஷ் ரிமூவர் நெடி மூக்கில் ஏறியது. நீங்கள் சொல்லும் ஆப்பிள் புளிப்பும் இருந்தது. அவ்வளவையும் தொட்டியில் ஊற்றினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தண்டையார்பேட்டைக்குப் போன் செய்தபோது ஆயாவிடம் சொன்னேன். ஆயா நாற்பது வருஷம் வாசலில் ஆப்பம் சுட்டு விற்றவர். மாவுக்குக் கள் ஊற்றிப் பழகியவர். 1987இல் கள்ளுக்குத் தடை வந்த பிறகு, இளநீரில் சர்க்கரை போட்டு ஒரு ராத்திரி வைத்து, அது நுரைத்ததும் மாவில் சேர்க்கப் பழகிக்கொண்டார். அவர் திட்டவில்லை. "எங்க வெச்ச நைனா?" என்றுதான் கேட்டார். அடுப்பு பக்கத்துல என்றேன். "பொங்குறப்போ அதுவே சூடாவும், நீ வேற சூட்டுல வெச்சா கெடாம என்ன பண்ணும்? ஈரத்துணி சுத்து" என்றார்.

சித்திரை வெயிலில் அவர் மாவுக் குண்டானைத் தாம்பாளத் தண்ணீரில் இறக்கி, நனைத்த பழைய வேட்டியைச் சுற்றி, துணியின் நுனி தண்ணீரில் கிடக்கும்படி விடுவார். துணி தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், காற்று பட்டு ஆவியாகும், குண்டான் குளிர்ந்தே இருக்கும். அதையே செய்தேன். ட்ரம்மைத் துணி துவைக்கும் டப்பில் வைத்து, பெட்ஷீட் நனைத்துச் சுற்றி, காலையும் ராத்திரியும் உறைந்த தண்ணீர் பாட்டில் இரண்டை டப்பில் போட்டேன். ஸ்டிக்கர் 19க்கு இறங்கி நின்றது. இந்தத் தடவை யுஎஸ்-05 என்று தனியாக விற்கும் பியர் ஈஸ்ட், 11.5 கிராம் பாக்கெட். கடைக்காரர் அதை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துத் தந்தார், அதைக் கவனித்து வாங்குங்கள். சர்க்கரைக்குப் பதில் ஒரு கிலோ மால்ட் பவுடர். இரண்டு வாரத்தில் சுத்தமான, பிஸ்கட் வாசனையுள்ள பியர் வந்தது.

எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிட்டு எது காரணம் என்று எப்படிச் சொல்கிறாய் என்பீர்கள். நியாயம்தான். பிறகு ஒரு தடவை டப்பா ஈஸ்ட்டையே 19 டிகிரியில் வைத்துப் பார்த்தேன், குடிக்கிற மாதிரியே இருந்தது. அதனால் எனக்கு முதலில் சூடு, அடுத்து ஈஸ்ட், அப்புறம் சர்க்கரை. முழுத் தானியத்தில் காய்ச்சுபவர்கள் கிட்டையே மட்டம் என்பார்கள். மாடி வீட்டில் ஒரே ஒரு அடுப்பை ஐந்து பேர் பகிர்கிற இடத்தில் கிட்தான் முடியும்.

ஹாப்ஸில் நான் செய்த தப்பைச் செய்யாதீர்கள். கிட் டப்பாவில் கசப்பு ஏற்கெனவே இருக்கிறது. நான் 30 கிராம் வாங்கி ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டேன், நிலவேம்புக் கஷாயம் தோற்றது. கொதிக்கக் கொதிக்கக் கசப்பு இறங்கும், வாசனை எண்ணெய் ஆவியோடு போய்விடும். உங்களுக்கு வேண்டியது வாசனை. நுரை அடங்கின பிறகு, ஆறேழாம் நாள், கேஸ்கேட் என்ற ஹாப்ஸ் வகையில் 25 கிராமை அப்படியே ட்ரம்மில் போட்டு மூன்று நாலு நாள் விடுங்கள். பச்சையாக, கோழித் தீவனம் மாதிரி உருண்டை உருண்டையாக இருக்கும். விரலில் நசுக்கி முகர்ந்தால் பம்பளிமாஸ் தோலைக் கிள்ளின வாசனை. பியரின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் மூன்று நாள் ஒரே அளவு காட்டினால்தான் பாட்டிலில் அடையுங்கள், அவசரப்பட்டால் பாட்டில் வெடிக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அங்கே ஒரு தமிழ் வீட்டு விருந்துக்கு என் பியரைக் கொண்டுபோனேன். ஊர் எது என்றார் ஒருவர். தண்டையார்பேட்டை என்றதும், "அந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு காய்ச்சுவாங்களாமே" என்றார். அவரே வீட்டில் திராட்சை வைன் போடுகிறவர், அதை எல்லோரும் கலை என்று பாராட்டிக்கொண்டிருந்தார்கள். சாராயம் என்பது காய்ச்சி வடிப்பது. பியரில் வடிக்கும் வேலையே இல்லை, மால்ட் தண்ணீர் ஈஸ்ட்டால் நொதிக்கிறது, அவ்வளவுதான். இது அவருக்கு நன்றாகவே தெரியும். திரும்பி வந்தும் இதே கதைதான். போன வருஷம் ஒரு வங்கியில் கடன் கேட்டபோது, சம்பளச் சீட்டு எல்லாம் சரியாக இருந்தும் 600081 என்ற பின்கோடைப் பார்த்ததும் அந்த அம்மாவின் குரலே மாறிவிட்டது. "ஏரியா லிஸ்ட்ல இல்லை சார்" என்றார். என் ஆயா நாற்பது வருஷம் ஒருவரிடமும் பாக்கி வைக்காத ஏரியா அது.

சரி, உங்கள் ட்ரம்முக்கு வருவோம். இன்று ராத்திரி ஸ்டிக்கர் எத்தனை டிகிரி காட்டுகிறது என்று பார்த்து எழுதுங்கள். 24க்கு மேல் இருந்தால் ஈஸ்ட் வாங்கப் போவதற்கு முன்னால் பெட்ஷீட்டை நனையுங்கள்.