சாலைக்குப் போகும் நிலம்: ஓய்வுபெற்ற தாசில்தார் பதில்கள்

(நில எடுப்புப் பிரிவில் தனி வட்டாட்சியராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் பத்தி எழுத்தாளர், சாலை விரிவாக்கம் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறார்.)

எங்கள் ஊர் வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையை நான்கு வழியாக்குகிறார்கள். நாளிதழில் வந்த பட்டியலில் எங்கள் புல எண்ணும் இருக்கிறது; 283 சதுர மீட்டர் என்று போட்டிருக்கிறார்கள். பட்டா இன்னும் காலமான தாத்தா பெயரில்தான் உள்ளது. "கொடுக்க மாட்டோம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டால் விட்டுவிடுவார்களா?
- திண்டுக்கல் மாவட்ட வாசகர்

விட மாட்டார்கள். சொத்துரிமை அடிப்படை உரிமையாக இருந்த காலம் அரசியல் சாசனத்தின் 44-ஆவது திருத்தத்தோடு முடிந்துவிட்டது. இப்போது இருப்பது 300-ஏ பிரிவு. சட்டத்தின் வழியே தவிர யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது அது. சட்டத்தின் வழியே வந்தால் எடுக்கலாம். அவர்கள் 1956-ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள்.

நீங்கள் பார்த்தது அந்தச் சட்டத்தின் 3-ஏ பிரிவில் வரும் முதல் அறிவிக்கை; நிலம் எடுக்கப் போகிறோம் என்று சொல்வது. அது வெளியான நாளிலிருந்து 21 நாளுக்குள் ஆட்சேபணை எழுதித் தர வேண்டும். பத்திரிகையில் பார்த்த நாளிலிருந்து எண்ணாதீர்கள். அரசிதழ் தேதியை விசாரித்து அதிலிருந்து எண்ணுங்கள். பத்திரிகை விளம்பரம் எப்போதும் பிந்தித்தான் வரும். ஆட்சேபணையை விசாரித்த பிறகு 3-டி அறிவிக்கை வரும். அது வந்த நிமிடமே நிலம் எந்த வில்லங்கமும் இல்லாமல் மத்திய அரசுக்குப் போய்விடுகிறது. பணம் அதற்குப் பிறகுதான். 3-ஏ வெளியாகி ஓராண்டுக்குள் 3-டி வராவிட்டால் முதல் அறிவிக்கை காலாவதியாகிவிடும். அந்த இரண்டு தேதிகளையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

ஆட்சேபணையில் "கொடுக்க மாட்டோம்" என்ற ஒரு வரி மட்டும் எழுதுகிறவர்கள்தான் ஏராளம். அந்த மனுவுக்கு அலுவலகத்தில் ஒரு வரிப் பதில் தயாராக இருக்கும்: "பொது நோக்கம் கருதி நிராகரிக்கப்படுகிறது." அந்த 21 நாளை வேறு வேலைக்குப் பயன்படுத்துங்கள். 283 சதுர மீட்டர் என்றால் 7 சென்ட். உங்கள் கணக்கிலும் 7 சென்ட்தானா? உட்பிரிவு எண் சரியா? வீட்டுமனையைப் புஞ்சை என்று காட்டியிருக்கிறார்களா? ஆழ்துளைக் கிணறும் தென்னையும் விடுபட்டுள்ளனவா? இவற்றை எழுதினால், எழுதிய தாளுக்கு ஒப்புதல் ரசீது வாங்கினால், பின்னால் யாரும் "நீங்கள் சொல்லவே இல்லையே" என்று சொல்ல முடியாது.

தாத்தா பெயர் பட்டாவை இன்றே கவனியுங்கள். எண்பதுகளில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க நடந்த யு.டி.ஆர். நில அளவையின்போது ஏறிய தவறுகள் இன்றைக்கும் அடங்காமல் கிடக்கின்றன. அண்ணன் பெயரில் தம்பி நிலம், ஒருவருக்கு உரியது கூட்டுப்பட்டாவில் ஆறு பேருக்கு என்று. நில எடுப்பு வரும்வரை யாருக்கும் உறுத்துவதில்லை. வந்த பிறகு பங்காளிகள் ஆளுக்கொரு மனுவோடு நிற்பார்கள்; பணம் அதற்கான கணக்கிலேயே தூங்கும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று ஆகியவற்றோடு தாலுகா அலுவலகத்தில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள்.

பக்கத்து நிலம் சென்ட் 3 லட்சத்துக்கு விலை போனது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் எங்களுக்குச் சென்ட் 60 ஆயிரம்தான் என்கிறார்கள். இது பகல் கொள்ளை இல்லையா?
- ஒரு வாசகி, கோவை மாவட்டம்

அம்மா, அந்த 3 லட்சம் பத்திரத்தில் இருக்கிறதா?

உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், பத்திர எழுத்தருக்கும் தெரியும்: பத்திரத்தில் 60 ஆயிரம், மீதி கைமாறியது. முத்திரைத்தாள் செலவை மிச்சப்படுத்தியது பக்கத்து நிலத்துக்காரர். அதற்கு விலை கொடுக்கிறவர் நீங்கள். சட்டம் பார்ப்பது இரண்டைத்தான். ஒன்று, பத்திரப் பதிவுக்காக அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு. இன்னொன்று, அதே போன்ற நிலத்துக்கு முந்தைய மூன்றாண்டுகளில் பதிவான பத்திரங்களில் விலை அதிகமுள்ள பாதியை எடுத்து அவற்றின் சராசரி. இரண்டில் எது அதிகமோ அது. ஊரே குறைத்துப் பதிந்திருந்தால் எந்தப் பாதியை எடுத்தாலும் அதே கதிதான். 2017 ஜூனில் தமிழ்நாட்டில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தபோது மகிழ்ந்தவர்களில் சாலையோர நிலக்காரர்களும் உண்டு. எனக்கு அப்போதே வயிற்றைக் கலக்கியது.

ஆனாலும் 60 ஆயிரத்தோடு கணக்கு முடியவில்லை. அதை யாரும் உங்களுக்கு விளக்கிச் சொல்லவில்லை என்று தெரிகிறது. 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் இழப்பீட்டு முறை 2015 முதல் தேசிய நெடுஞ்சாலைகளுக்கும் பொருந்துகிறது. கணக்கை ஓர் உதாரணத்தில் பாருங்கள். 5 சென்ட், சென்ட் 1 லட்சம் என்று வைத்தால் நிலம் 5 லட்சம். கிராமப்புறம் என்றால் நகரத்திலிருந்து உள்ள தூரத்தைப் பொறுத்து ஒன்றிலிருந்து இரண்டு வரை ஒரு பெருக்கல் எண் உண்டு, 1.25 என்று கொண்டால் 6 லட்சத்து 25 ஆயிரம். வீடு 4 லட்சம், மரங்கள் 20 ஆயிரம் என்று மதிப்பிட்டால் மொத்தம் 10 லட்சத்து 45 ஆயிரம். இதன் மேல் நூற்றுக்கு நூறு ஆறுதல் தொகை. ஆக 20 லட்சத்து 90 ஆயிரம். முதல் அறிவிக்கையிலிருந்து இழப்பீட்டு ஆணை நாள் அல்லது நிலம் கைமாறிய நாள், எது முந்தியதோ அதுவரை நில மதிப்பின் மேல் ஆண்டுக்கு 12 சதவீதம் தனியே சேரும்.

ஆணை நகலை வாங்கி இந்த வரிசையில் சரிபாருங்கள். பெருக்கல் எண்ணையோ 12 சதவீதத்தையோ காணவில்லை என்றால், எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். எந்தெந்தப் பத்திரங்களை எடுத்தார்கள் என்ற பட்டியலையும் கேட்டு வாங்கலாம். சரியான விலையில் பதிந்த பத்திரம் ஒன்று அதில் விடுபட்டிருந்தால், உங்கள் வழக்குக்கு அதுவே உயிர்.

வழியில் கோயில் வந்தால் சாலை வளைகிறது. எங்கள் வீட்டுக்கு வளையாதா?
- விழுப்புரம் மாவட்ட வாசகர்

வளைந்தால் எதிர்வீட்டுக்காரரின் கடிதம் அடுத்த இதழில் வரும்.

கிராம சபையில் சாலை விரிவாக்கத்துக்கு எதிராகத் தீர்மானம் போட்டுவிட்டோம். இனி எடுக்க முடியாதுதானே?
- ஊராட்சி வார்டு உறுப்பினர் ஒருவர்

எடுக்கலாம். நிலம் தருவோரில் 70 சதவீதம், 80 சதவீதம் பேரின் சம்மதம் வேண்டும் என்று 2013 சட்டத்தில் படித்திருப்பீர்கள். முதலாவது அரசும் தனியாரும் சேர்ந்து செய்யும் திட்டங்களுக்கு, இரண்டாவது தனியார் நிறுவனங்களுக்கு. தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின்கீழ் எடுக்கும் நிலத்துக்குச் சம்மதமும் சமூகத் தாக்க ஆய்வும் தேவையில்லை. மாநில நெடுஞ்சாலை என்றால் 2001-ஆம் ஆண்டு தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம். 2013 சட்டத்தில் 105-ஏ என்ற பிரிவைச் சேர்த்து அதற்கும் விலக்கு வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஜூலையில் செல்லாது என்றது. அரசு அதே ஆண்டில் புதுச்சட்டம் கொண்டுவந்து உயிர் கொடுத்தது. உச்ச நீதிமன்றம் 2021-இல் அது செல்லும் என்றது. இழப்பீடு மட்டும் 2013 கணக்குப்படியே.

தீர்மானத்தை வீணாக்காதீர்கள். சுரங்கப் பாதை எங்கே வேண்டும், பள்ளிப் பிள்ளைகள் எங்கே சாலையைக் கடக்கிறார்கள், மழைநீர் எந்த ஓடையில் விழ வேண்டும், பஸ் நிறுத்தம் எங்கே என்று வரைபடத்தோடு இன்னொரு தீர்மானம் போடுங்கள். அதற்குக் காது கொடுக்கும் பொறியாளர்கள் உண்டு. சாலை போட்ட பிறகு கேட்டால் தடுப்புச்சுவரில் இரவோடு இரவாக ஓட்டை போடுவதுதான் மிஞ்சும். அதில்தான் விபத்துகள்.

கடை வாடகைக்கு வைத்திருக்கிறேன், 11 வருடமாக. கட்டட உரிமையாளருக்குத்தான் பணம் என்கிறார்கள். எனக்கு ஒன்றுமில்லையா?
- டீக்கடைக்காரர், சேலம் மாவட்டம்

நிலத்துக்கும் கட்டடத்துக்குமான பணம் உரிமையாளருக்கு. பிழைப்புப் போவதற்கான உதவி வேறு. 2013 சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் சிறு வணிகர்களுக்கும் கைவினைஞர்களுக்கும் ஒருமுறை உதவியாகக் குறைந்தது 25 ஆயிரம் ரூபாய் சொல்லியிருக்கிறது. மூன்றாண்டுக்கு முன்பிருந்தே வாடகைதாரராக இருந்து, அதுவே முதன்மைப் பிழைப்பு என்றால் நீங்களும் பாதிக்கப்பட்ட குடும்பம்தான். வாடகை ரசீது, மின் ரசீது, ஊராட்சித் தொழில் உரிமம் என்று எது இருந்தாலும் இணைத்து இப்போதே மனுக் கொடுங்கள். கடையை இடித்த பிறகு, அங்கே கடை இருந்தது என்று நிரூபிப்பது பெரும்பாடு.

வீட்டின் முன்பாதிதான் கோட்டுக்குள் வருகிறதாம். அளக்க வருகிறார்கள். நாங்கள் என்ன பார்க்க வேண்டும்?
- திருநெல்வேலி மாவட்ட வாசகர்

முதலில், வேலைக்குப் போகாமல் வீட்டில் இருங்கள். கூட்டு அளவீட்டு நாளில் சர்வேயரும் கிராம நிர்வாக அலுவலரும் சாலைத் துறை ஆளும் வந்து சங்கிலியை இழுத்துச் சுவரில் ஒரு சிவப்புக் கோடு போட்டுவிட்டுப் போவார்கள். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். நீங்கள் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்வதுதான் பதிவாகும்.

புல வரைபடத்தின் நகல் கையில் இருக்கட்டும். அளவை எந்தக் கல்லிலிருந்து தொடங்குகிறார்கள் என்று பாருங்கள். பழைய எல்லைக்கல் மண்ணுக்குள் புதைந்திருக்கும். அதைத் தேடாமல் தார் விளிம்பிலிருந்து நாடாவை நீட்டினால், நிறுத்தச் சொல்லுங்கள். நான் போன ஓர் அளவீட்டில் வயதான புளியமரம் ஒன்றுக்காகவே அரை நாள் போயிற்று. கல்லுக்கு அந்தப் பக்கம் என்றால் சாலைத் துறை மரம், இந்தப் பக்கம் என்றால் அந்த விவசாயியின் மரம். மண்வெட்டி எடுத்துவந்து வேருக்கு அடியில் தோண்டினார் அவர். கல் கிடைத்தது, மரம் அவருடையது, அதன் விலை ஆணையில் ஏறியது. கேட்டிருக்காவிட்டால் ஏறியிருக்காது.

பாதி வீடு என்பது உங்கள் முக்கியமான பிரச்சினை. முன்சுவரும் தூணும் போனால் பின்பாதி நிற்குமா என்று பொறியாளர் ஒருவரிடம் சான்று வாங்குங்கள். நிலம் துண்டுபடுவதால் மிச்ச நிலத்துக்கு வரும் சேதம், வருமானத்துக்கு வரும் சேதம், வீடு மாற்றும் செலவு ஆகியவற்றையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 3-ஜி பிரிவின் 7-ஆவது உட்பிரிவு. கேட்பவர்கள் குறைவு, அதனால் கொடுப்பதும் குறைவு.

பணத்தை வாங்கிவிட்டால் வழக்குப் போட முடியாது என்கிறார்களே?
- பலர்

"ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதிக் கொடுத்து வாங்குங்கள். பிறகு, தொகை போதாது என்று நடுவரிடம் போகலாம். நடுவரை நியமிப்பது மத்திய அரசு. பெரும்பாலும் மாவட்ட ஆட்சியரே. அங்கே கூடுதலாகக் கிடைத்தால், நிலம் எடுத்த நாளிலிருந்து அந்தக் கூடுதல் தொகைக்கு 9 சதவீத வட்டியும் உண்டு.

நடுவரிடம் சும்மா ஒரு மனுவைப் போட்டுவிட்டு, "கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருக்காதீர்கள். நம் மாநிலத்து வழக்கு ஒன்றில் சதுர மீட்டருக்கு 46 ரூபாய் 55 காசு முதல் 83 ரூபாய் 15 காசு வரைதான் கொடுத்தார்கள். மாவட்ட நீதிமன்றம் 645 ரூபாயாக்கியது. நடுவர் தீர்ப்பைத் திருத்தும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இல்லை என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த மக்களின் தொகையில் மட்டும் கை வைக்காமல் விட்டது. 2025-இல் அரசியல் சாசன அமர்வு, குறுகிய எல்லைக்குள் திருத்தலாம் என்று கொஞ்சம் கதவைத் திறந்திருக்கிறது. எப்படியானாலும் பத்திர நகல், மதிப்பீட்டாளர் அறிக்கை, புகைப்படம் ஆகிய எல்லாம் நடுவர் முன்பே வந்துவிட வேண்டும்.

7 சென்ட் போய் 2 சென்ட் மிச்சம். இதற்கு வேறு பட்டா வாங்க வேண்டுமா?
- மதுரை மாவட்ட வாசகர்

வேண்டும். எடுத்த பகுதிக்குப் புது உட்பிரிவு எண் போட்டுச் சாலைத் துறை பெயரில் மாற்றுவார்கள். உங்கள் 2 சென்ட்டுக்கான உட்பிரிவும் பரப்பும் சரியாக ஏறியிருக்கிறதா என்று சிட்டாவில் பாருங்கள். ஏறவில்லை என்றால் இழப்பீட்டு ஆணையின் நகலோடு தாலுகா அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். விற்கப் போகும் நாளில் இதற்கு அலைய நேரமிருக்காது.