கம்பெனிக்கு யாரு கணக்குப்பிள்ளை?

கேள்வி: எங்க ஊரு பெரியார் பஸ் ஸ்டாண்டை ஸ்மார்ட் சிட்டி கம்பெனிதான் இடிச்சுக் கட்டுச்சு. மாநகராட்சிய நம்பாம இப்படி தனிக் கம்பெனி வெச்சா வேலை சீக்கிரம் முடியும்தானே? (வாசகர், மதுரை)

பதில்: நான் ‘கம்பெனி’ங்கிற வார்த்தையிலயே நின்னுட்டேன். 1688ல மெட்ராஸ்ல மாநகராட்சி வந்ததே ஒரு கம்பெனி கையாலதான், கிழக்கிந்தியக் கம்பெனி. இங்க வரி வாங்கிட்டு லண்டன்ல இருக்குற பங்குதாரருக்குக் கணக்கு சொன்ன கம்பெனி அது, வரி கட்டுனவன் ஒரு வார்த்தை கேக்க முடியாது. 1858ல அது ஆட்சிய விட்டுப் போச்சு, அப்புறம் நம்ம தெருவுக்கு நாமளே ஆள் அனுப்புற உரிமை கொஞ்சம் கொஞ்சமா வந்து 1992ல நகராட்சி, மாநகராட்சிக்கு அரசியல் சாசனத்துலயே இடம் கொடுத்த 74வது சட்டத்திருத்தம் வரைக்கும் ஏறி வந்தோம்.

2015ல ஸ்மார்ட் சிட்டி திட்டம் வந்தப்ப ஊருக்கொரு கம்பெனி, அதுல மாநில அரசுக்குப் பாதி, மாநகராட்சிக்குப் பாதி. மத்திய அரசு ஊருக்கு 500 கோடி, அதே அளவு மாநிலமும் மாநகராட்சியும் போடணும். அந்த வேலைகளுக்கு, கவுன்சிலர்கள் உக்காருற மாமன்றத்தோட அதிகாரத்தையும் கம்பெனிக்கே கொடுத்துடுங்கன்னு வழிகாட்டுதல்லயே இருக்கு! சரி, அந்தப் பாதிப் பங்கு உங்களோடது, உங்க சார்பா யாரு கேள்வி கேட்டா? 2016 அக்டோபர்ல இருந்து 2022 பிப்ரவரி தேர்தல் வரைக்கும் தமிழ்நாட்டுல எந்த மாநகராட்சியிலயும் ஒரு கவுன்சிலர்கூட கிடையாது, அரசு போட்ட தனி அலுவலர்தான். சென்னை, மதுரை, கோவைன்னு பதினோரு ஊர்ல டெண்டர் விட்டு, தோண்டி, மூடுன வருஷங்கள்ல பெரும்பாலானது இதுதாங்க. அதிகாரி எழுதுன பில்லுக்கு அதிகாரியே பதில். உள்ளாட்சித் தேர்தலத் தள்ளிப்போட்டதப் பத்தி இந்தப் பக்கத்துல நான் கத்தாத மாசம் இல்ல, இதுக்குத்தான் கத்துனேன்.

2021 நவம்பர்ல, ஸ்மார்ட் சிட்டி வேலை நடந்த சென்னை தி.நகரே தண்ணில நின்னுச்சு, அதுக்கப்புறம் 2022ல ஸ்மார்ட் சிட்டி வேலைகளப் பத்தி ஓய்வுபெற்ற ஐஏஎஸ் அதிகாரி டேவிதார் தலைமையில விசாரணை போட்டாங்க. காசு போனதுக்கப்புறம் விசாரணை! வார்டுல ஒரு கவுன்சிலர் இருந்திருந்தா, குழி தோண்டுன அன்னிக்கே வீட்டு வாசல்ல நாலு பேர் நின்னு அவர உலுக்கியிருப்பாங்க.

வேலை சீக்கிரம் முடியணும்னு எனக்கும் ஆசைதான். ஆனா 2025 மார்ச் 31ஓட திட்டமே முடிஞ்சிருச்சு. அந்தக் கம்பெனி போட்ட ஒவ்வொரு டெண்டரும், இயக்குநர் குழு கூட்டத் தீர்மானமும் உங்க மாமன்ற மேஜைக்கு வந்துச்சா, கட்டுனத இனி பராமரிக்க யாரு காசு போடுவான்னு உங்க ஏரியா சபைல, அதாவது வார்டு மக்கள் கூடிப் பேசுற கூட்டத்துல, எந்திரிச்சுக் கேளுங்க. என்ன பதில் சொன்னாங்கன்னு எனக்கு எழுதுங்க, அப்படியே அச்சுல போடுறேன்.