கேட் தேர்வு: 54-இல் நின்றுபோன மாக்

வணக்கம் சார்,

சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். இந்த நவம்பரில், ஐ.ஐ.எம். மேலாண்மைக் கல்லூரிகளின் சேர்க்கைக்கான கேட் (CAT) எழுதப் போகிறேன். பிப்ரவரியில் படிக்க ஆரம்பித்து, பாடத்திட்டத்தை ஒருமுறை முழுக்க முடித்துவிட்டேன். ஜூலையிலிருந்து வாரம் இரண்டு மாக் (மாதிரித் தேர்வு) எழுதுகிறேன். மதிப்பெண் 50-க்கும் 58-க்கும் நடுவிலேயே ஆடிக்கொண்டிருக்கிறது. கடைசி மாக்கில் ஆங்கில வாசிப்புப் பிரிவான வி.ஏ.ஆர்.சி.யில் 22 கேள்வி தொட்டு 11 சரி, தரவு, தர்க்கப் புதிர்ப் பிரிவான டி.ஐ.எல்.ஆரில் 9 தொட்டு 4 சரி, கணிதப் பிரிவான குவாண்ட்டில் 14 தொட்டு 8 சரி, மொத்தம் 54. தப்பான கேள்விகளுக்கெல்லாம் அன்றைக்கே விடை வீடியோ பார்த்துவிடுகிறேன். பார்க்கும்போது புரிகிறது, அடுத்த மாக்கில் பழைய கதைதான். இன்னொரு டெஸ்ட் சீரிஸ் வாங்கட்டுமா? பள்ளி முழுக்கத் தமிழ் வழி என்பதால் ஆங்கிலச் சொற்பட்டியல் எதையாவது மனப்பாடம் செய்யட்டுமா? வேலையை விட்டுவிட்டுப் படி என்கிறார்கள் நண்பர்கள்.

எம்., பெருங்குடி

அன்புள்ள எம்.,

நல்லவேளை, எண்களோடு எழுதினீர்கள். அதை வைத்தே பேசலாம். 45 தொட்டு 23 சரி. சரியான விடைக்கு 3 மதிப்பெண் வீதம் 69. கைக்கு வந்தது 54 என்றால், தவறுகளுக்காக, ஒன்றுக்கு 1 வீதம், 15 கழிந்திருக்கிறது. தவறுகளோ 22, ஆகவே அவற்றில் 7, நெகடிவ் மார்க் இல்லாத, விடையை நாமே டைப் செய்யும் கேள்விகள். பலர் அந்தப் 15-ஐப் பார்த்துத்தான் வருத்தப்படுவார்கள். எனக்கு அது இரண்டாம்பட்சம். அந்த 22 கேள்விகளுக்கு, ஒன்றுக்கு இரண்டே நிமிடம் என்று குறைத்து வைத்தாலும் 44 நிமிடம் போயிருக்கிறது. 120 நிமிடத் தேர்வில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். நீங்கள் தொடாமல் விட்ட கேள்விகளில் சுலபமானவை அந்த 44 நிமிடத்துக்குள்தான் இருந்தன.

2024-இல் கேட் தாளில் 68 கேள்விகள், 204 மதிப்பெண். சமீப ஆண்டுகளில் மொத்தத்தில் பாதியை ஒட்டியோ அதற்குக் கீழேயோ எடுத்தவர்கள் 99 பெர்சன்டைலை, அதாவது எழுதியவர்களில் 99 சதவீதம் பேரைவிட மேலான இடத்தை, தொட்டிருக்கிறார்கள். 33 சரி, நெகடிவ் உள்ளவற்றில் 8 தவறு என்றால் 91 வந்துவிடும். அதாவது நீங்கள் இப்போது தொடுகிற எண்ணிக்கையைக் கூட்டவே வேண்டாம்; தொடுகிற கேள்விகள் மாற வேண்டும். உங்கள் சிக்கல் பாடம் தெரியாதது இல்லை, எந்தக் கேள்வியைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாதது. விடை வீடியோக்கள் அதைச் சொல்லித் தராது. எந்தக் கேள்வியையும் எப்படிப் போடுவது என்று மட்டும் சொல்லும். போட வேண்டுமா வேண்டாமா என்று சொல்லாது.

எனவே முதலில் மாற வேண்டியது மாக்குக்குப் பிறகு நீங்கள் செய்வது. மாக் முடிந்ததும் விடைகளைத் திறக்காதீர்கள். மறுநாள், தப்பானவை, தொடாதவை எல்லாவற்றையும் கடிகாரம் இல்லாமல் மறுபடி போடுங்கள். அதன்பின் விடையோடு ஒத்துப் பார்த்து ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் எழுத்து போடுங்கள். நேரம் கொடுத்தால் சரியாக வந்தது: 'நே'. வழி தெரிந்தும் கூட்டல் கழித்தலிலோ, கேள்வியைத் தவறாக வாசித்ததிலோ போனது: 'க'. எவ்வளவு நேரம் கொடுத்தாலும் வராதது: 'பா'. இதற்கு மூன்று நான்கு மணி நேரம் ஆகும், மாக் எழுதிய நேரத்தைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. ஆகட்டும்.

பெரும்பாலோர் மூன்றையும் 'பா' என்று நினைத்துக்கொண்டு மறுபடி வகுப்பு வீடியோவுக்கு ஓடுகிறார்கள். 'பா'வுக்கு மட்டும்தான் பாடம் மருந்து. 'க' அதிகம் இருந்தால் ரஃப் தாளைப் பாருங்கள்: கேட்டது லாபமா விற்ற விலையா, மணிக்கு கிலோமீட்டரா விநாடிக்கு மீட்டரா என்று எழுதியிருக்கிறீர்களா? கேட்கப்பட்டதை முதல் வரியில் எழுதிவிட்டுக் கணக்கில் இறங்கினாலே இதில் பாதி நின்றுவிடும். 'நே' அதிகம் என்றால் அது கேள்வியைத் தேர்ந்தெடுத்ததில் பிழை. உங்கள் விஷயத்தில் இதுதான் முதலிடத்தில் வரும் என்று நினைக்கிறேன். நான்காவதாக யாரும் பார்க்காத ஒரு பட்டியல் உண்டு: சரியாகப் போட்டு, ஆனால் நான்கு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்ட கேள்விகள். மதிப்பெண் பட்டியலில் பச்சையாகத் தெரிவதால் தப்பித்துவிடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் குறுக்கு வழி ஒன்று இருந்ததா என்று தேடுங்கள். இல்லையென்றால் அதை விட்டிருக்க வேண்டும்.

இப்படிச் செய்தால் வாரம் இரண்டு மாக் சாத்தியமில்லை. ஒன்று போதும். கடைசி மூன்று நான்கு வாரத்தில் இரண்டாக்கிக்கொள்ளலாம்.

பிரிவுகளில் எனக்குக் கவலை தருவது டி.ஐ.எல்.ஆர். ஐ.ஐ.எம்.கள் மொத்தப் பெர்சன்டைலோடு ஒவ்வொரு பிரிவுக்கும் தனியாகக் கட்-ஆஃப் வைக்கின்றன; 4 சரி என்பது மற்ற இரண்டில் நீங்கள் ஏறினாலும் காலை வாரும். 2024-இல் 5 செட் (ஒரே தகவலை வைத்துக் கேட்கும் கேள்விக் கொத்து), 22 கேள்வி, 40 நிமிடம். அதில் இரண்டு செட்டை முழுசாகவும் மூன்றாவதில் ஒன்றிரண்டு கேள்வியும் போட்டால் 10 சரி. 9 தொட்டு 4 சரி என்ற கணக்கைப் பார்த்தால், மூன்று செட்டுக்குள் அரைகுறையாக நுழைந்து வெளியே வந்தது போலத் தெரிகிறது.

முதல் ஐந்து நிமிடம் பேனாவைக் கீழே வையுங்கள். ஐந்து செட்டையும் வாசியுங்கள். கேள்விகளையும் சேர்த்து வாசிக்க வேண்டும், பத்தியை மட்டும் அல்ல. நிபந்தனைகளில் நிலையான தகவல் எத்தனை என்று பாருங்கள்: 'மூன்றாம் நாள் அருண் வரவில்லை' என்பது நிலையானது, நீங்கள் போடும் அட்டவணையில் ஒரு கட்டத்தை உடனே நிரப்பும். 'அருண் வந்த நாட்கள் பாபு வந்த நாட்களைவிட அதிகம்' என்பது எதையும் நிரப்பாது. முதல் வகைத் தகவல் இரண்டு மூன்றுகூட இல்லாத செட் ஆரம்பத்திலேயே இழுத்தடிக்கும். கேள்விகள் 'ஒருவேளை இப்படி இருந்தால்' என்று புதுத் தகவல் தருகிறதென்றால், முழு அட்டவணை தீராமலே சில விடை கிடைக்கலாம். நான்கும் 'எது கட்டாயம் உண்மை' என்று கேட்டால் முழுக்கத் தீர்த்தே ஆக வேண்டும்.

இறங்கியபின் ஒரே விதி: ஆறு நிமிடத்தில் உறுதியாக ஒரு கட்டம்கூட நிரம்பவில்லை என்றால் வெளியே வந்துவிடுங்கள். ஆறு நிமிடம் போட்டாயிற்றே என்று பதினைந்து நிமிடம் உட்காருவதுதான் இந்தப் பிரிவில் ஆளைக் கவிழ்ப்பது. பயிற்சிக்கு 2017 முதலான அசல் கேட் தாள்களைவிடச் சிறந்தது இல்லை. 2019 வரை இந்தப் பிரிவுக்கு 60 நிமிடம், 32 கேள்வி. நேரக்கணக்கை ஒப்பிடாமல் செட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தினம் இரண்டு. திணறிய செட்டைப் பத்து நாள் கழித்து வெறுந்தாளில் மறுபடி போடுங்கள். விடை ஞாபகம் இருந்தாலும் பரவாயில்லை, எந்த நிபந்தனையிலிருந்து தொடங்கினால் அவிழ்கிறது என்பதுதான் மனதில் நிற்க வேண்டியது.

சொற்பட்டியல் வேண்டாம். கேட்டில் நேரடியாகப் பொருள் கேட்கும் கேள்வி இப்போது வருவதில்லை. வி.ஏ.ஆர்.சி.யின் 24 கேள்விகளில் 16, பத்தியை வாசித்துப் பதில் சொல்பவை. தமிழ் வழி என்பதும் இதில் நீங்கள் நினைக்கிற அளவுக்குத் தடை இல்லை. ஆங்கில வழியில் படித்தவர்களும் தவறுவது அதே இடத்தில்தான், நான்கில் இரண்டைத் தள்ளிவிட்டு மீதி இரண்டில் தப்பானதைத் தொடுவதில். அந்தத் தப்பான விடைகளுக்குச் சில முகங்களே உண்டு. உலகத்தில் உண்மை, பத்தியில் இல்லை. முதல் பாதி சரி, பின்பாதி புதுசு. ஆசிரியர் 'சில சமயம்' என்றதை 'எப்போதும்' ஆக்கியது. காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றியது. நீங்கள் தொட்ட ஒவ்வொரு தப்பான விடைக்கும் பக்கத்தில் இவற்றில் எது என்று எழுதிவந்தால், நான்கைந்து மாக்கில் உங்களை ஏமாற்றும் முகம் எது என்று தெரிந்துவிடும். தினம் ஒரு நீண்ட கட்டுரை வாசியுங்கள். ஏயான் (Aeon) என்ற ஆங்கில இணைய இதழின் கட்டுரைகள் கேட்டில் பத்திகளாக வந்திருக்கின்றன. ஒவ்வொரு பாராவுக்கும் ஒரு வரி, தமிழிலேயே எழுதினாலும் சரி. 22 தொடுவதை 18-க்குக் குறையுங்கள். மூன்று பத்தியை நிதானமாக, நான்காவது நேரம் இருந்தால். வாக்கியங்களை வரிசைப்படுத்தி விடையை டைப் செய்யும் கேள்விகளை வெறுமையாக விடாதீர்கள், ஆனால் அவற்றைக் கடைசியில் செய்யுங்கள்.

குவாண்ட் உங்களுக்குப் பரவாயில்லை. எண்கணிதமும் இயற்கணிதமும் சேர்ந்தால் தாளில் பாதிக்கு மேல் வந்துவிடும். அவற்றில் 'பா' இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும், வரிசைமாற்றத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். 22 கேள்வியையும் இரண்டு சுற்றாகப் போங்கள். முதல் சுற்றில் முக்கால் நிமிடத்துக்குள் வழி தெரிந்தால் போடுவது, இல்லையென்றால் நகர்வது. 1/7 என்றால் 14.28%, 1/8 என்றால் 12.5%, 1/12 என்றால் 8.33% என்று பின்னங்கள் நாக்கில் இருக்கட்டும். திரையில் வரும் கால்குலேட்டரை மவுஸால் தட்டுவது மெதுவான வேலை. வீட்டு மாக்கிலும் கீபோர்டைத் தொடாமல் மவுஸாலேயே எல்லாம் செய்து பழகுங்கள், தேர்வறையில் அப்படித்தான்.

யூகிப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நான்கு விடையில் கண்ணை மூடித் தொட்டால் சராசரி வரவு பூஜ்யம். இரண்டைத் தள்ளிவிட்டால் சராசரியாக 1 கிடைக்கும். யூகம் பாவமில்லை. நான்கு நிமிடம் செலவழித்துவிட்டு, அந்த நேரத்துக்குக் கணக்குத் தீர்க்க யூகிப்பதுதான் நஷ்டம்.

இன்னொரு டெஸ்ட் சீரிஸ் இப்போதைக்கு வேண்டாம். ஆனால் ஒரு மாக் கடினம், ஒன்று சுலபம் என்பதால் வெறும் மதிப்பெண்ணை வைத்து நகரவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். அந்த மாக்கில் கிடைத்த பெர்சன்டைலையும், தொட்டவற்றில் எத்தனை சதவீதம் சரி என்பதையும் தேதி போட்டுக் குறித்து வாருங்கள். இரண்டாவது எண் உங்களுக்கு இப்போது 51. அது 70-ஐத் தாண்டுகிறதா என்று பார்ப்போம்.

வேலையை விடாதீர்கள். ஐ.ஐ.எம்.கள் பலவற்றின் மதிப்பீட்டில் வேலை அனுபவத்துக்குத் தனி மதிப்பெண் உண்டு, நேர்காணலிலும் இடைவெளியைப் பற்றிக் கேட்பார்கள். வாரநாளில் இரண்டு மணி நேரமும், சனிக்கிழமை ஒரு மாக்கும், ஞாயிறு அதன் அலசலும் உங்களுக்குப் போதும். நவம்பரில் பத்து நாள் லீவு கிடைக்குமா என்று மட்டும் இப்போதே மேனேஜரிடம் கேட்டு வையுங்கள்.